ஆப்பிரிக்கப் பண்ணையில் தங்கி கிராமப் பள்ளியில் பாடம் எடுக்கப் போறீங்களா? அதுக்கு முன்னாடி மதனப்பள்ளி பக்கம் ஒரு பார்வை!

'ஆப்பிரிக்காவில் ஒரு பண்ணையில் தங்கலாம். காலையில் பக்கத்துக் கிராமப் பள்ளியில் குழந்தைகளுக்குப் பாடம். மாலையில் தோட்ட வேலை.' இப்படி அழைக்கும் தன்னார்வப் பயணத் திட்டங்கள் இன்று ஏராளம். காலேஜ் முடித்த கையோடு கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். வேலையிலிருந்து ஒரு பிரேக் வேண்டும் என்று யோசிப்பவர்களும் இருக்கிறார்கள்.

போகிறவருக்கு இது நல்ல அனுபவம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பள்ளியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு என்ன கிடைக்கிறது? நாலு வாரம் பாட்டும் விளையாட்டுமாகப் போன பிறகு, ஐந்தாவது வாரம் அந்த வகுப்பில் யார் நிற்பார்கள்?

இதற்கு நம்ம பக்கத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. திருப்பதிக்கு மேற்கே, பழைய சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளி அருகே, ரிஷிவேலி பள்ளத்தாக்கின் சின்னச் சின்ன கிராமப் பள்ளிகளில் கண்டுபிடிக்கப்பட்ட பதில் அது. என்னன்னு விரிவாகப் பார்ப்போம்.

கிராமப் பள்ளிகளில் அப்படி என்ன பிரச்சினை?

ஒரே வார்த்தையில் சொன்னால், ஆசிரியர்.

2030-க்குள் உலகம் முழுக்க தொடக்க, இடைநிலைப் பள்ளிகளுக்கு இன்னும் 4.4 கோடி ஆசிரியர்கள் தேவை என்று யுனெஸ்கோ 2024-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. இதில் சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளுக்கு மட்டும் சுமார் 1.5 கோடி பேர் வேண்டும்.

ஆப்பிரிக்காவில்தானே இந்த நிலைமை என்று நினைத்துவிட வேண்டாம். மத்திய கல்வி அமைச்சகத்தின் 2024-25 'யுடைஸ் பிளஸ்' தரவுகளின்படி, இந்தியாவில் 1,04,125 பள்ளிகளில் ஒரே ஒரு ஆசிரியர்தான் இருக்கிறார். அந்தப் பள்ளிகளில் படிக்கும் குழந்தைகள் சுமார் 33.76 லட்சம் பேர். மாநில வாரியாகப் பார்த்தால் முதலிடம் ஆந்திரப் பிரதேசத்துக்கு. அங்கே 12,912 ஓராசிரியர் பள்ளிகள்.

60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளியில் குறைந்தது 2 ஆசிரியர்கள் இருக்க வேண்டும் என்பது 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் விதி. சட்டம் வந்து பதினைந்து ஆண்டுகள் தாண்டியும் இதுதான் நிலைமை.

ஓராசிரியர் பள்ளியில் வகுப்பு எப்படி நடக்கும்?

மேலே சொன்ன கணக்கை வகுத்துப் பார்த்தால், சராசரியாக ஒரு பள்ளிக்கு 32 குழந்தைகள். 'இவ்வளவுதானா? ஒருத்தரே சமாளிக்கலாமே' என்று தோன்றும். சிக்கல் எண்ணிக்கையில் இல்லை.

அந்த 32 பேரும் ஒரே வகுப்பு கிடையாது. ஒண்ணாம் வகுப்பு முதல் அஞ்சாம் வகுப்பு வரை ஒரே அறையிலோ, ஒரே திண்ணையிலோ உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தனுக்கு எழுத்து தெரியாது, இன்னொருத்திக்குப் பின்னக் கணக்கு சொல்லித்தர வேண்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரம் பாடம் என்று வைத்துக்கொண்டால், வகுப்புக்கு ஒரு மணி நேரம்தான் தேறும். மீதி 4 மணி நேரம் அந்தக் குழந்தை சும்மா காத்திருக்க வேண்டும், அல்லது பலகையில் இருப்பதைப் பார்த்து எழுத வேண்டும்.

மதிய உணவுக் கணக்கு, பதிவேடுகள், கூட்டங்கள் எல்லாம் அதே ஒரு ஆசிரியர் தலையில்தான். அவருக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளிக்கே விடுமுறை மாதிரிதான்.

இதோடு விவசாய ஊர்களுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. வேர்க்கடலை பறிக்கும் நேரத்திலும், தக்காளி அறுவடை நேரத்திலும் வீட்டில் ஆள் தேவைப்படும். ஆடு மேய்க்கப் போகும் குழந்தைகளும் உண்டு. இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வரும் குழந்தைக்கு வகுப்பு எங்கேயோ போயிருக்கும். புரியாது. புரியாததால் மறுபடி வர மாட்டாள். கிராமத்தில் படிப்பு நின்று போவது பெரும்பாலும் இப்படி ஓசையில்லாமல்தான் நடக்கிறது.

ரிஷிவேலி என்ன செய்தது?

ரிஷிவேலி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது தத்துவச் சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய உண்டு உறைவிடப் பள்ளி. அவர் 1895-ல் மதனப்பள்ளியில் பிறந்தவர். அதே வளாகத்தில் சுற்றுவட்டாரக் கிராமக் குழந்தைகளுக்காக ஒரு ஊரகக் கல்வி மையமும் இயங்குகிறது. அதன் கீழ் சுற்றியிருக்கும் சிற்றூர்களில் சுமார் ஒரு டஜன் சிறு பள்ளிகள் நடத்தப்பட்டன. இவற்றை 'சாட்டிலைட் பள்ளிகள்' என்பார்கள்.

1980-களில் இங்கே வந்த பத்மநாப ராவ், ரமா தம்பதி இந்த ஓராசிரியர் சிக்கலைக் கையில் எடுத்தார்கள். ஆசிரியர் பேசி, குழந்தைகள் கேட்கும் முறையை வைத்துக்கொண்டு ஐந்து வகுப்புகளை ஒருவர் நடத்த முடியாது. அதனால் அந்த முறையையே மாற்றினார்கள்.

பாடப்புத்தகத்தைப் பிரித்து சின்னச் சின்ன அட்டைகளாக்கினார்கள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு சின்னமும் எண்ணும் இருக்கும். எந்த அட்டைக்குப் பிறகு எந்த அட்டை என்பதைச் சுவரில் மாட்டிய 'கற்றல் ஏணி' காட்டும். ஏணியில் பல மைல்கற்கள். ஒவ்வொரு மைல்கல்லிலும் முதலில் அறிமுகம், பிறகு பயிற்சி, அப்புறம் மதிப்பீடு. தேறாவிட்டால் அதே பகுதியை வேறு விதமாகச் சொல்லித்தரும் அட்டை. தேறினால் கூடுதல் பயிற்சி.

காலையில் வரும் குழந்தை, ஏணியில் தான் எங்கே இருக்கிறோம் என்று பார்த்து, தன் அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். புதுப் பாடம் படிப்பவர்கள் ஆசிரியர் அருகில் உட்காருவார்கள். மற்றவர்கள் நண்பர்களோடு சேர்ந்தோ, தனியாகவோ படிப்பார்கள். ஆக, ஆசிரியர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தேவைப்பட மாட்டார்.

இரண்டு வாரம் ஆடு மேய்க்கப் போன பெண் திரும்பி வந்தாலும் பிரச்சினை இல்லை. அவள் விட்ட அட்டை அங்கேயே காத்திருக்கும்.

ஒரு பள்ளிக்குத் தேவையான கற்றல் கருவிகள் முழுவதையும் ஒரே தொகுப்பாக்கி, அதற்கு 'பெட்டிக்குள் ஒரு பள்ளி' என்று பொருள்படும் பெயரும் வைத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. இந்தப் பள்ளிகளுக்கு ஆசிரியராக அவர்கள் தேடியது பட்டணத்துப் பட்டதாரிகளை இல்லை. அந்தந்தக் கிராமத்து இளைஞர்களையே எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுக்கு மொழி தெரியும், எந்த வீட்டில் என்ன கஷ்டம் என்பதும் தெரியும். முக்கியமா, பஸ் பிடிச்சு ஊருக்குப் போயிட மாட்டாங்க.

தமிழ்நாட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

2000-களில் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்த அட்டையும் ஏணியும் ஏற்கெனவே பழக்கம். அதுதான் 'செயல்வழிக் கற்றல்'.

1995-ல் கர்நாடகத்தின் எச்.டி. கோட்டை வட்டாரத்தில் ரிஷிவேலி அனுபவத்தை வைத்து 'நலி கலி' தொடங்கப்பட்டது. 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். இதைச் சென்னைக்குக் கொண்டு வந்தார். மாநகராட்சி ஆசிரியர்கள் ரிஷிவேலிக்குச் சென்று பார்த்தார்கள். 13 பள்ளிகளில் தொடங்கிய முயற்சி, 2007-08 வாக்கில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. குழந்தைகள் எழுதுவதற்கான கீழ்மட்டக் கரும்பலகையும், வரைந்ததைத் தொங்கவிடும் கம்பிப் பந்தலும் பலருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும்.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அட்டை தொலைந்தால் மாற்று கிடைக்காத பள்ளிகள் இருந்தன. முறையின் நோக்கம் புரியாமல் அட்டையை நகர்த்துவதே வேலையாகிப்போன வகுப்புகளும் இருந்தன. எந்த முறையும் தானாக ஓடாது. அதைப் புரிந்துகொண்டு கூடவே இருக்கும் ஆள் தேவை.

அப்போ தன்னார்வலரால் பயனே இல்லையா?

நிச்சயம் உண்டு. அதற்குச் சான்றும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் ஏற்பட்ட இழப்பைச் சரிசெய்ய, 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். அதே தெருவில், அதே ஊரில் வசிப்பவர்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. மாலையில் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் வீட்டுத் திண்ணையிலோ, கோயில் வாசலிலோ வகுப்பு.

இதன் பலனை பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்டோர் ஆய்வு செய்தார்கள். ஊரகத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு அது. பள்ளி திறந்த ஆறு மாதத்தில், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் கிடைத்தது என்பது ஆய்வின் முடிவு.

இவர்களில் பலர் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள் கிடையாது. ஆனால் மூன்று விஷயங்கள் இருந்தன. குழந்தையின் மொழி, என்ன சொல்லித்தர வேண்டும் என்ற தெளிவு, நாளைக்கும் அங்கேயே இருப்பது.

வெளியிலிருந்து வருகிறவர்களை வேறு விதமாகப் பயன்படுத்தும் இடங்களும் உண்டு. சித்தூர் மாவட்டம் குப்பம் அருகே 172 ஏக்கரில் அகஸ்தியா அறக்கட்டளையின் வளாகம் இருக்கிறது. ராம்ஜி ராகவன் 1999-ல் தொடங்கிய அமைப்பு அது. நடமாடும் அறிவியல் ஆய்வகங்கள் கிராமப் பள்ளிகளுக்குப் போகின்றன, குழந்தைகளும் வளாகத்துக்கு வந்து சோதனைகளைச் செய்து பார்க்கிறார்கள். ஒரு நாள் வந்து போகும் அறிவியல் நிபுணர்கூட இங்கே உதவியாக இருக்க முடியும். காரணம், அவர் போன பிறகும் வேலையைத் தொடர ஆட்கள் இருக்கிறார்கள்.

சரி, ஆப்பிரிக்கப் பண்ணைக்கு வருவோம்

பண்ணையில் வாழ்ந்துகொண்டு குழந்தைகளுக்குப் பாடம் சொல்வது ஆப்பிரிக்காவில் புதுசு கிடையாது. அதில் தமிழர்களுக்கும் பங்கு உண்டு.

1910-ல் ஜோகன்னஸ்பர்க் அருகே சுமார் 1,100 ஏக்கரில் டால்ஸ்டாய் பண்ணை உருவானது. நிலத்தைக் கொடுத்தவர் காந்தியின் நண்பர் ஹெர்மன் காலன்பாக். சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர்களின் குடும்பங்கள் அங்கே தங்கின. அவர்களில் தமிழர்கள் கணிசமாக இருந்தார்கள். காந்தியும் காலன்பாக்கும் குழந்தைகளுக்கு ஆசிரியர்கள் ஆனார்கள். காலையில் தோட்ட வேலை, மதியத்துக்கு மேல் பாடம். தமிழ்ப் பிள்ளைகள் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள் என்பதால் தமிழ் எழுத்து தெரியாது. ஜி.யு. போப்பின் கையேட்டில் படித்த கொஞ்சம் தமிழை வைத்துக்கொண்டு காந்தியே அவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தந்தார். முறையாக ஆசிரியர் பயிற்சி பெற்றவர் இல்லைதான். ஆனால் அந்தக் குழந்தைகளோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தார், அவர்களோடு மண்வெட்டி பிடித்தார்.

இன்னொரு உதாரணம் போட்ஸ்வானா. நிறவெறிக் கொள்கையை எதிர்த்துத் தென்னாப்பிரிக்கத் தூதரகப் பணியைத் துறந்த பேட்ரிக் வான் ரென்ஸ்பர்க், 1963-ல் செரோவே என்ற ஊரில் ஸ்வானெங் ஹில் பள்ளியைத் தொடங்கினார். வெளிநாட்டுத் தன்னார்வலர்களும் மாணவர்களும் சேர்ந்தே கட்டடம் கட்டினார்கள். 1965 முதல், மேற்படிப்புக்குப் போக முடியாத இளைஞர்களுக்குக் கட்டட வேலை, விவசாயம் போன்ற தொழில்களைக் கற்றுத்தரும் 'பிரிகேட்' குழுக்கள் உருவாகின. வான் ரென்ஸ்பர்க் அந்த நாட்டின் குடிமகனாகவே ஆனார். 1981-ல் அவருக்கு 'ரைட் லைவ்லிஹுட்' விருது கிடைத்தது.

அமெரிக்காவின் 'பீஸ் கோர்' தன்னார்வலர்கள் 1961-ல் முதன்முதலாகப் போன நாடு கானா. போனது ஆசிரியர்களாக. இன்றும் அதன் வழக்கமான பணிக்காலம் பயிற்சியோடு சேர்த்து 27 மாதம். உள்ளூர் மொழிப் பயிற்சியும் உண்டு.

பணம் கட்டிப் போகும் 2 வார, 4 வாரத் திட்டங்கள் இங்கேதான் வேறுபடுகின்றன. புதிய ஆள் வந்து பெயர் கேட்டுப் பழகி, பாடத்தைத் தொடங்கும்போது கிளம்பும் நேரம் வந்துவிடும். அடுத்த குழு மறுபடியும் 'ஏ, பி, சி, டி'யிலிருந்து ஆரம்பிக்கும். ஆதரவற்றோர் இல்லங்களில் இது இன்னும் மோசம். பழகியவர்கள் திரும்பத் திரும்ப விட்டுப்போவது சிறு குழந்தைகளின் மனதைப் பாதிக்கும் என்று, தென்னாப்பிரிக்க ஆய்வாளர் லிண்டா ரிக்டரும் ஏமி நார்மனும் 2010-லேயே எச்சரித்தார்கள்.

போவது என்று முடிவு செய்துவிட்டால் என்ன கேட்க வேண்டும்?

பணம் கட்டுவதற்கு முன்னாடி அமைப்பிடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

1. நான் போகும் பள்ளியில் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா? நான் அவருக்கு உதவியா, அல்லது அவருக்குப் பதிலா? பதிலாக என்றால் யோசிக்க வேண்டும்.

2. நான் வந்த பிறகு எந்தப் பாடத்தில் தொடங்க வேண்டும், முன்பு இருந்தவர் எங்கே விட்டார் என்பதற்குப் பதிவு இருக்கிறதா?

3. வகுப்பு எந்த மொழியில் நடக்கிறது? சிறு வகுப்புக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் மட்டும் தெரிந்தவரால் பெரிதாக உதவ முடியாது.

4. நான் கட்டும் பணத்தில் பள்ளிக்கும் கிராமத்துக்கும் போவது எவ்வளவு?

5. என் பின்னணியை விசாரிப்பீர்களா? காவல்துறைச் சான்று எதுவும் கேட்காமல் யாரையும் குழந்தைகளிடம் அனுப்பும் அமைப்பு என்றால், அது நல்ல அறிகுறி இல்லை. இந்தியாவில் இந்தச் சான்றை பாஸ்போர்ட் சேவா வழியாகப் பெறலாம்.

விசாவையும் கவனியுங்கள். சம்பளம் இல்லாவிட்டாலும் தன்னார்வப் பணிக்குச் சுற்றுலா விசா பல நாடுகளில் செல்லாது. கென்யா, உகாண்டா, கானா போன்ற நாடுகளுக்குப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் இந்த ஊசி போடப்படுகிறது. சான்று இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் 6 நாள் வரை தனிமைப்படுத்தப்படலாம்.

பண்ணை வாழ்க்கைதான் ஆசை என்றால் அதைத் தனியாகவே வைத்துக்கொள்ளலாம். 1971-ல் இங்கிலாந்தில் தொடங்கிய 'வூஃப்' அமைப்பின் வழியாக, இயற்கை விவசாயப் பண்ணைகளில் தினமும் சில மணி நேரம் வேலை செய்து, பதிலுக்கு உணவும் தங்குமிடமும் பெறலாம். இந்தியாவிலும் இந்த ஏற்பாடு உண்டு. களை எடுக்க ஒரு வாரம் வந்து போனால் செடிக்கு நஷ்டமில்லை. குழந்தைக்கு அப்படிச் சொல்ல முடியாது.

பக்கத்திலேயே என்ன செய்யலாம்?

திருப்பதி, சித்தூர் பக்கம் வசிக்கும் தமிழர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. எல்லையோரத்தில் நகரி, சத்தியவேடு, குப்பம் என்று தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் ஊர்கள். தமிழ்வழிப் பள்ளிகளும் இருக்கும் பகுதி. இரண்டு மொழியும் பேசத் தெரிந்தவருக்கு இங்கே மதிப்பு அதிகம். வீட்டில் தமிழ் பேசிவிட்டு தெலுங்குவழிப் பள்ளிக்கு வரும் குழந்தைக்கு, முதல் சில மாதங்கள் பாலமாக ஒருவர் இருந்தாலே போதும்.

வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் முடியுமா? பரவாயில்லை. தலைமை ஆசிரியரிடம் அனுமதி பெற்று, அந்த ஒரு நாளை ஒரு வருஷம் விடாமல் கொடுங்கள். வாசிக்கத் திணறும் நாலு குழந்தைகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆசிரியர் மற்ற வகுப்புகளைப் பார்க்கும் அந்த நேரத்தில், அந்த நாலு பேரும் காத்திருக்க வேண்டியதில்லை.

நேரமே இல்லை என்றால், உள்ளூர் இளைஞர் ஒருவரின் பயிற்சிக்கோ, பள்ளியின் கற்றல் அட்டைகளை அச்சடிக்கவோ, நூலகப் புத்தகங்களுக்கோ உதவலாம். ஆப்பிரிக்கா போய்வரும் விமான டிக்கெட் செலவில் ஒரு சிறு பள்ளிக்கு நிறைய புத்தகம் வாங்க முடியும்.

ஆப்பிரிக்கா போகவே கூடாது என்பது இதன் அர்த்தம் இல்லை. இந்தியாவில் 'பிரதம்' அமைப்பு உருவாக்கிய, குழந்தையின் வகுப்பைப் பார்க்காமல் அதன் கற்றல் நிலையைப் பார்த்துச் சொல்லித்தரும் முறையை, இன்று ஜாம்பியா அரசு 'கேட்ச் அப்' என்ற பெயரில் தன் பள்ளிகளில் நடத்துகிறது. வகுப்பெடுப்பது அந்த நாட்டு ஆசிரியர்கள். இங்கிருந்து போனது ஒரு முறை. அதைக் கையில் எடுத்து நடத்துகிறவர்கள் அங்கேயே இருப்பவர்கள்.

அதனால், எந்த ஊருக்குப் போனாலும் கிளம்பும் முன் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தெரிந்துகொள்ளுங்கள்: நான் திரும்பிய மறுநாள் காலை, அந்தக் குழந்தையின் கையில் அடுத்த அட்டையைக் கொடுக்க ஆள் இருக்கிறதா?